மாலை நதி உலா: பெரிய கப்பலா, தனிப் படகா?

நகரத்து நதியில் அஸ்தமனம் பார்க்க மூன்று வழி இருக்கிறது. முதலாவது, இருநூறு பேர் ஏறும் இரண்டடுக்கு உலாக் கப்பல். பெரும்பாலும் சாப்பாட்டோடு சேர்த்தே டிக்கெட். இரண்டாவது, நாலைந்து பேர் சேர்ந்து மணிக்கணக்கில் வாடகை பேசி முழுசாக எடுக்கும் சிறு மோட்டார் படகு. மூன்றாவது, ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகவர ஏறுகிற பயணிகள் படகு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு சிறு மோட்டார் படகுக்கு. கழிப்பறை, நாற்காலி, கைப்பிடி, மழைக்கு ஒதுங்கக் கூரை, முழங்கால் வலிக்காரர்கள் ஏறிவர அகலமான பலகை என்று எந்தக் கணக்கெடுத்தாலும் கப்பல்தான் மேல். அதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கப்பல் ஒரே ஒரு இடத்தில் தோற்கிறது: சூரியன் மறைகிற நேரத்தில் அது சரியான இடத்தில் இருப்பதில்லை. நாம் படகேறுவதே அதற்காக என்னும்போது, மற்ற மதிப்பெண்களை வைத்து என்ன செய்வது?

சூரியனைக் கட்டடம் முந்திக்கொள்ளும்

காலண்டரிலும் போனிலும் காட்டும் அஸ்தமன நேரம், தடையில்லாத தொடுவானத்துக்குப் போட்ட கணக்கு. கடற்கரைக்கு அது சரி. நகரத்து நதியில் மேற்குக் கரை முழுக்கக் கட்டடம் நிற்கும். அதனால் சூரியன் நதிக்காரர்களுக்கு முன்னதாகவே மறைந்துவிடும். எவ்வளவு முன்னதாக என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு. நதியின் அகலம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையோரமாகப் பத்து மாடிக் கட்டடங்கள், உயரம் 30 மீட்டர். படகு நடு ஆற்றில் இருந்தால் கட்டடத்துக்கும் உங்களுக்கும் 150 மீட்டர். உட்கார்ந்த நிலையில் கண் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் கட்டடத்தின் உச்சி தொடுவானத்துக்கு மேலே ஏறக்குறைய 11 டிகிரியில் நிற்கும். பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர்களில் சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்குவதால், ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். ஆக, காலண்டர் 6:30 என்று சொன்னால், உங்கள் சூரியன் 5:45-க்கே கட்டடத்துக்குப் பின்னால் போயிருக்கும்.

இதே படகைக் கிழக்குக் கரையோரமாக ஒதுக்கினால் தூரம் 300 மீட்டர் ஆகிறது, கோணம் ஐந்தரை டிகிரியாகக் குறைகிறது. இருபது நிமிடத்துக்கு மேல் சூரியன் கூடுதலாகக் கிடைக்கிறது. படகுக்காரரிடம் "அந்தக் கரையோரமாப் போங்க" என்று சொல்ல முடிந்ததற்குக் கிடைத்த கூலி இது. கப்பலில் இந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்ல முடியாது.

வடக்கே போகப் போக இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். பாரிஸின் அட்சரேகையில் சூரியன் சாய்வாக இறங்குவதால், சம இரவுபகல் நாட்களில் ஒரு டிகிரிக்கு ஆறு நிமிடம் பிடிக்கும். அங்கே அதே பத்து மாடிக் கட்டடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிடும். ஆனால் அதே சாய்வால் மறைந்த பிறகு வரும் அந்தி வெளிச்சமும் நீளும். பூமத்திய ரேகைப் பக்கம் இருபது நிமிடங்களில் இருட்டும் அந்தி, அங்கே அரை மணியைத் தாண்டும்.

கப்பலுக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒரு மதிப்பெண்ணும் இங்கே உண்டு. மேல்தளத்தில் கண் ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கும். 300 மீட்டர் தள்ளி நிற்கும் அதே கட்டடத்துக்கு அது ஒரு டிகிரியை, அதாவது நான்கு நிமிடத்தைச் சேமித்துத் தரும். நான்கு நிமிடம்தான்; இருபது இல்லை.

இந்தக் கோணத்தை அளக்கக் கருவி வேண்டாம். கையை நேராக நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ ஒரு டிகிரி. முஷ்டியின் அகலம் ஏறத்தாழ பத்து டிகிரி. முந்தின நாள் மாலை படகுத்துறைக்குப் போய், மேற்குக் கரைக் கட்டடங்களின் மேல் முஷ்டியை வைத்துப் பார்த்தாலே காலண்டர் நேரத்திலிருந்து எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அட்டவணைக்காரர் சூரியனைக் கேட்டு நேரம் போடுவதில்லை

இரவுச் சாப்பாட்டோடு போகும் கப்பல்கள் வருஷம் முழுக்க ஒரே மணிக்குக் கிளம்புவது வழக்கம். சமையல், பணியாளர் ஷிஃப்ட், அடுத்த சுற்று எல்லாம் அந்த மணியில் கட்டியிருக்கும். சூரியனோ அப்படி இல்லை. பாங்காக்கில் நவம்பர் கடைசியில் மாலை 5:50-ஐ ஒட்டி மறையும் சூரியன், ஜூலையில் 6:50-ஐ ஒட்டி மறைகிறது. ஒரு மணி நேர வித்தியாசம். பாரிஸில் டிசம்பரில் 5 மணிக்குள் மறைவது, ஜூனில் கடிகாரத்தில் 10 மணியைத் தொடுகிறது. ஒரே 'சன்செட் க்ரூஸ்' டிக்கெட்டை வருஷம் முழுக்க ஒரே நேரத்துக்கு விற்றால், பல மாதங்களில் அது மதிய வெயில் உலாவாகவோ வெறும் இரவு உலாவாகவோதான் இருக்கும்.

தனிப் படகுக்கு நேரத்தை நீங்கள் போடுகிறீர்கள். போட வேண்டிய முறை: காலண்டர் அஸ்தமன நேரத்திலிருந்து முஷ்டிக் கணக்கைக் கழியுங்கள். வருவதுதான் உங்கள் நதியின் அஸ்தமனம். அதற்கு 40 நிமிடம் முன்னால் படகு துறையை விட்டு நகர வேண்டும். காலண்டர் நேரம் தாண்டி இன்னும் 20 நிமிடம் தண்ணீரில் இருக்க வேண்டும். இதைக் கூட்டினால் ஒன்றரை மணியிலிருந்து ஒன்றேமுக்கால் மணி வரை வரும். ஒரு மணி நேரம் மட்டும் பேசுவதுதான் அதிகமாக நடக்கும் தவறு. வானம் சிவக்கத் தொடங்கும்போது படகுக்காரர் கரையைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பேசியது ஒரு மணி நேரம்தானே.

பேசும்போது இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: நேரம் எப்போதிலிருந்து ஓடுகிறது? ஏறியதிலிருந்தா, துறையை விட்டு நகர்ந்ததிலிருந்தா? டீசல் நிரப்பப் போகும் பத்து நிமிடம் யார் கணக்கு? நடு ஆற்றில் என்ஜினை அணைத்து நிறுத்தச் சம்மதமா? கடைசிக் கேள்விக்கு 'ஆகட்டும்' என்று சொல்கிறவரையே பிடியுங்கள். நதியில் அஸ்தமனத்தைக் கெடுப்பவற்றில் கட்டடத்துக்கு அடுத்த இடம் டீசல் என்ஜினின் இரைச்சலுக்கு.

நதி எந்தப் பக்கம் ஓடுகிறது

கிழக்கு மேற்காக ஓடும் நதி என்றால் வேலை சுலபம். நதியே மேற்கு வானத்துக்கு ஒரு திறந்த தெரு மாதிரி. முதலில் கிழக்கே போங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், எதிரே வரும் பாலங்களும் கட்டட முகப்புகளும் மஞ்சள் வெளிச்சத்தில் குளித்து நிற்கும். படம் எடுக்க அதுதான் நேரம். பாதி நேரத்தில் திரும்பி மேற்கே வந்தால் அஸ்தமனம் முகத்துக்கு நேரே. லண்டனில் தேம்ஸ் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால், டவர் கோட்டைப் பக்கத்திலிருந்து மேற்கே வரும் பயணம் அந்தியில் நன்றாக அமையும். அதே தடத்தை எதிர்த்திசையில் போனால் அஸ்தமனம் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடும்.

வடக்கு தெற்காக ஓடும் நதியில்தான் யோசனை வேண்டும். அஸ்தமனம் பக்கவாட்டில் நடக்கும், மேற்குக் கரையில் என்ன நிற்கிறது என்பதே காட்சி. காசி இதற்கு நல்ல எச்சரிக்கை. அங்கே கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது, படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்குப் பார்த்து நிற்கின்றன. விடிகாலை சூரியன் எதிர்க்கரை மணல் மேட்டுக்கு மேல் எழும்பிப் படிகள் மேல் விழும். மாலையில் அதே சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். காசியில் மாலைப் படகு ஆரத்திக்கு. சூரியனுக்கு விடிகாலைப் படகு. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பாங்காக்கின் வாட் அருண் கோவிலும் மேற்குக் கரைதான். பெயரே விடியலைச் சொல்கிறது. மாலையில் அதன் ஆற்றுப்பக்க முகம் நிழலில் இருக்கும். ஆனால் அதன் கோபுரம் சிவந்த வானத்தில் கருநிழலாக நிற்பதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. அது வேறு வகை அழகு. அதற்குப் படகு கிழக்குக் கரையை ஒட்டி நிற்க வேண்டும். கொல்கத்தாவில் ஹூக்ளி அகலமானது. ஹவுரா பாலத்தின் நடுத் தாவு, அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவேயுள்ள தூரம் மட்டும் 457 மீட்டர் என்பதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அகலம் கூடினால் கோணம் குறையும், அதனால் மேற்குக் கரையான ஹவுராப் பக்கச் சூரியன் அங்கே வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். புடாபெஸ்டில் டான்யூப் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது, மேற்கே புடா குன்றுகள். சூரியன் சீக்கிரம் போய்விடும். ஆனால் கடைசி வெளிச்சம் கிழக்குக் கரையிலுள்ள நாடாளுமன்றக் கட்டடத்தின் முகத்தில் விழும். அங்கே கண் கிழக்கே பார்க்க வேண்டும்.

கப்பலில்தான் போக வேண்டியிருக்கிறது என்றால் ஒரு சூட்சுமம். குறுகிய நீர்த்தடங்களில் கலங்கள் தம் வலக்கைப் பக்கக் கரையை ஒட்டிப் போக வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டு சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் உள்ளது. பெரும்பாலான நதிகளிலும் பழக்கம் அதுதான். அதன்படி, வடக்கே போகும் கப்பல் கிழக்குக் கரையை ஒட்டும், அதாவது கட்டடத்திலிருந்து விலகி. தெற்கே வரும்போது மேற்குக் கரையை ஒட்டும், கட்டட நிழலுக்குள். ஆகவே, வடக்கு தெற்கு நதியில், அஸ்தமனத்தின்போது வடக்கே போய்க்கொண்டிருக்கும் சுற்றைப் பிடியுங்கள். உட்கார இடப்பக்கம்.

மாதமும் கணக்கில் சேரும். சூரியன் எல்லா நாளும் நேர் மேற்கில் மறைவதில்லை. பாங்காக்கில் ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையே மறையும் திசை சுமார் 48 டிகிரி நகர்கிறது, பாரிஸில் 74 டிகிரி. ஆறு மாதம் முந்தின படத்தைப் பார்த்து 'இந்த வளைவில் பாலத்துக்கு நேரே சூரியன் இறங்கும்' என்று போனால், அது வேறெங்கோ இறங்கிக்கொண்டிருக்கும்.

சிறு படகில் என்னென்ன கெடும்

பாராட்டிவிட்டேன் என்பதற்காகக் குறையை மறைக்கக் கூடாது. சிறு படகின் உண்மையான ஆபத்து அஸ்தமனத்துக்குப் பிறகு தொடங்குகிறது. பெரிய கலத்தின் சுக்கானில் நிற்பவருக்கு, முன்மூக்குக்குக் கீழே வரும் தாழ்ந்த படகு தெரியாது. கரை விளக்குகளின் பிரதிபலிப்பில் சிறு விளக்கும் கரைந்துவிடும். 1989 ஆகஸ்டில் தேம்ஸில் இரவில் ஓர் உலாப் படகும் மணல் வாரும் கப்பலும் மோதியதில் 51 பேர் இறந்தார்கள். 2019 மே மாதம் புடாபெஸ்டில் நடந்த மோதலும் இதே சாயல்: இருட்டு, மழை, பெரிய கலம் ஒன்று, சிறிய கலம் ஒன்று.

எனவே ஏறுவதற்கு முன் விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மோட்டார் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னாலும் மேலேயும் வெள்ளை. அஸ்தமனத்திலிருந்து உதயம் வரை இவை எரிந்தாக வேண்டும். துடுப்புப் படகுக்குக் குறைந்தபட்சம் கைக்கெட்டும் இடத்தில் ஒரு டார்ச்சோ லாந்தரோ இருக்க வேண்டும். 'போன் வெளிச்சம் போதும்' என்கிற படகிலிருந்து இறங்கிவிடுவது நல்லது.

லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல் கையில் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் கொக்கி ஒன்றில் ஒன்று 'டக்'கென்று மாட்ட வேண்டும். ஒரு பல் உடைந்திருந்தால் அது வெறும் மேல்சட்டை. உள்பக்கம் எடை அளவு அச்சிட்டிருக்கும். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டைப் போட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே வரும், குழந்தை கீழே நழுவும். தொடைக்கு நடுவே வரும் பட்டை அதற்காகத்தான்.

அடுத்தது அலை. பெரிய கப்பல் கடந்து போனால் அதன் பின்னலை ஒரு நிமிடம் கழித்துத்தான் வந்து சேரும். எல்லோரும் மறந்து எழுந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும் சமயம் அது. அனுபவமுள்ள படகுக்காரர் வேகத்தைக் குறைத்து, அணியத்தை, அதாவது முன்மூக்கைச் சற்றே சாய்வாக அலையின் பக்கம் திருப்புவார். விலாவில் வாங்கினால் படகு இருபுறமும் உருளும். அந்த நேரத்தில் பயணிகள் செய்ய வேண்டியது உட்காருவது மட்டும்தான். நாலு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து சூரியனைப் பிடிக்கப் பார்ப்பதும் இதே வகைத் தவறு.

புகை ஒரு வினோதமான தொல்லை. எதிர்க்காற்றில் புகை பின்னால் போய்விடும், யாருக்கும் தொந்தரவில்லை. பின்காற்று படகின் வேகத்துக்குச் சமமாக வீசினால் புகை அப்படியே படகின் மேல் நிற்கும், உங்களோடு கூடவே வரும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ சொன்னால் விலகிவிடும். முன்பக்க இருக்கை எப்போதும் நல்லது, சத்தமும் அங்கே குறைவு.

ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம் வந்து போகும் நதியில் நீர்மட்டமும் பார்க்க வேண்டும். லண்டனில் பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 7 மீட்டர் வரை வித்தியாசம் வரும். வற்றத்தில் தாழ்ந்த படகு கரைச்சுவருக்குள் கிணற்றில் இருப்பதுபோல் இருக்கும். மேலே போட்ட கட்டடக் கணக்கெல்லாம் மோசமாகும், சேற்று வாடை வேறு. அன்றைக்கு மட்டும் கப்பலின் மேல்தளத்துக்கு என் ஓட்டை மாற்றிக்கொள்வேன். காற்று பலமாக வீசும் நாளிலும் அப்படித்தான்.

மற்ற இரண்டும்

கப்பலை விளக்குகளுக்காகப் பாருங்கள். இருட்டிய பிறகு பாலங்களும் கரைகளும் ஒளிரும்போது நகரத்தை மெதுவாகக் கடந்து போக அதைவிட வசதியானது இல்லை. கண்ணாடி போட்ட கீழ்த்தளத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். உள்ளே விளக்கெரிந்து வெளியே இருட்டினால் அந்தக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். உங்கள் தட்டும் பக்கத்து மேசைக்காரரின் முதுகும்தான் தெரியும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, கையால் சுற்றி மறைத்தால் படம் ஓரளவு தேறும். சாப்பாட்டை வானம் சிவக்கும் நேரத்தில்தான் பரிமாறுவார்கள் என்பதால், அதற்கு முன்போ பின்போ எடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளலாம். இரவுப் படத்துக்குப் போனைக் கம்பியில் ஊன்றாதீர்கள், என்ஜின் அதிர்வு கம்பி வழியே வரும். முழங்கையை விலாவோடு ஒட்டிக் கையில் பிடிப்பதே மேல்.

பயணிகள் படகு ஏழைகளின் க்ரூஸ் என்று கிண்டலாகச் சொல்வார்கள். தனியாக வருகிறவருக்கு அதுவே புத்திசாலித்தனம். ஹாம்பர்க்கில் எல்பே நதியின் 62-ஆம் எண் படகில் நகரப் பேருந்து டிக்கெட்டே செல்லும். கொல்கத்தாவில் ஹவுராவுக்கும் நகரத்துக்கும் நடுவே ஓடும் படகு கிழக்கு மேற்காக நதியைக் குறுக்கே வெட்டுவதால், ஹவுரா நோக்கிப் போகும்போது சூரியன் எதிரே. இக்கரைக்கும் அக்கரைக்கும் இரண்டு முறை போய் வந்தால் ஒரு சிறு உலா ஆகிவிடும். குறை என்னவென்றால் அஸ்தமனமும் அலுவலகம் விடும் நேரமும் ஒன்று. நிற்க இடம் கிடைக்கும், கம்பியோரம் கிடைக்காது.

துடுப்புப் படகைத் தனிப் போட்டியாளராக வைக்கவில்லை. அமைதியில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான் அதன் வேகம். நீரோட்டமும் அதே அளவு இருந்தால், ஓட்டத்தோடு போவது பத்து நிமிடம், திரும்பி வருவது நடக்கவே நடக்காது. அதில் போவதானால் முதலில் ஓட்டத்துக்கு எதிராகப் போய், களைத்த பிறகு ஓட்டத்தோடு இறங்குங்கள். பேட்டரிப் படகுகள் பல நதிகளில் வரத் தொடங்கியிருக்கின்றன. இரைச்சலும் புகையும் இல்லாததால் அணைக்கச் சொல்லும் வேலை மிச்சம். ஆனால் எதிர்நீரோட்டத்தில் சார்ஜ் எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பது படகுக்குப் படகு மாறும். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்ய எனக்குத் தயக்கம். ஏறும்போதே மீட்டரைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதில் போனாலும், சூரியன் மறைந்ததும் திருப்பச் சொல்லிவிடாதீர்கள். மேலே மெல்லிய மேகம் இருந்தால் அதன் அடிப்பக்கம் சிவப்பது பத்து நிமிடம் கழித்துத்தான். கரை விளக்குகள் ஏற்றியிருப்பார்கள், வானமும் இன்னும் நீலமாக இருக்கும், இரண்டும் தண்ணீரில் ஒரே அளவு பிரகாசத்தில் தெரியும். என்ஜினை அணைக்கச் சொல்ல வேண்டிய நேரம் அது. நடுத்தடத்தில் வேண்டாம், கரையை ஒட்டி ஒதுங்கி, விளக்கு எரிந்தபடி.